யாருப்பா அந்த 'அன்லேபல்ட்'? – ஒரு வங்கிப் பக்கத்தைக் காதால் படித்தபோது



திறனாய்வு என்றாலே நமக்குக் கவிதை, சிறுகதை, நாடகம் என்றுதான் மனம் போகும். இந்த முறை நான் எடுத்துக்கொண்டது ஒரு வங்கியின் இணையப் பக்கம். "டீச்சர், அது என்ன இலக்கியமா?" என்று என் படிவம் 5 மாணவர்களே கேட்டுவிட்டார்கள். இலக்கியம் இல்லைதான். ஆனால் அதுவும் யாரோ எழுதியது, யாரோ படிப்பது. படித்தவருக்குப் புரிந்ததா, படித்ததை வைத்து அவரால் தன் காரியத்தைச் செய்துகொள்ள முடிந்ததா என்று கேட்பது திறனாய்வின் வேலை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே கேட்கப் போகிறேன். கேட்க வைத்தவர் என் பெரியப்பா.

பெரியப்பா கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் அதே தோட்டத்தில் இருந்தவர். இனிப்புநீர் அவர் கண்ணை எடுத்துக்கொண்டது. இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். சமூக நல இலாகாவின் உதவித்தொகை வங்கிக் கணக்கில்தான் வருகிறது. வந்ததா இல்லையா என்று பார்க்கத் தஞ்சோங் மாலிம் வரைக்கும் போக வேண்டும். கூட ஒருவர் போக வேண்டும். அதனால் என் தம்பி அவருடைய கைப்பேசியில் திரைவாசிப்பானைப் போட்டுப் பழக்கிக் கொடுத்தான்.

திரைவாசிப்பான் என்பது திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள். ஆண்டிராய்டு கைப்பேசியில் அதன் பெயர் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் 2009-இலிருந்தே இருக்கின்றன, கைப்பேசியோடு இலவசமாகவே வருகின்றன. விரலைத் திரையில் வைத்தால் விரலுக்கு அடியில் இருப்பதன் பெயரைச் சொல்லும். இரண்டு முறை தட்டினால் அது திறக்கும். பெரியப்பா இரண்டு வாரத்தில் பழகிவிட்டார். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறார், வானொலி கேட்கிறார், பேரனை அழைக்கிறார்.

வங்கிச் செயலியைத் திறந்த அன்றுதான் வந்தது வினை. விரலை எங்கே வைத்தாலும் கைப்பேசி ஒரே வார்த்தையைச் சொன்னது: "அன்லேபல்ட், பட்டன். அன்லேபல்ட், பட்டன்." பெரியப்பா கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னிடம், "யாருப்பா அந்த அன்லேபல்ட்? எல்லா இடத்துலயும் அவனே நிக்கிறான்!" என்றார்.

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இரவில் யோசித்துப் பார்த்தபோது, இதைவிடச் சரியான திறனாய்வை நான் எழுத முடியாது என்று பட்டது. ஒரு பக்கம் முழுக்கப் பெயரில்லாத ஆட்கள் நிற்கிறார்கள். யார் கதவைத் திறப்பார், யார் பணத்தை எடுத்துக்கொள்வார் என்று தெரியாது. அந்தப் பக்கத்தை எழுதியவர் படிப்பவரை நினைக்காமல் எழுதியிருக்கிறார். அது எந்த வங்கி என்பதை விட்டுவிடுவோம். குறை ஒரு வங்கியோடு நிற்பதில்லை.

பெயர் வைக்காத குறை

கண்ணால் பார்ப்பவருக்கு வீட்டுப் படம் போட்ட பொத்தான் 'முகப்பு', உருப்பெருக்கி போட்ட பொத்தான் 'தேடல்', அம்புக்குறி போட்ட பொத்தான் 'அனுப்பு'. திரைவாசிப்பானுக்குப் படம் தெரியாது. அந்தப் படத்துக்குப் பின்னால் நிரலில் ஒரு பெயர் எழுதியிருந்தால் அதைப் படிக்கும். எழுதாவிட்டால் 'பெயரற்ற பொத்தான்' என்றுதான் சொல்லும். பெயர் எழுதுவதற்குப் பெரிய செலவு கிடையாது. 'மின்கட்டணம் செலுத்து' என்று இரண்டு சொல். அவ்வளவுதான். இணையத்தில் இதை மாற்றுரை என்கிறார்கள்.

இணையப் பக்கங்கள் எல்லாருக்கும் பயன்பட எப்படி அமைய வேண்டும் என்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. முதல் பதிப்பு 1999 மே மாதத்தில் வந்தது. 2008-இல் இரண்டாம் பதிப்பு. அதைத் திருத்தி 2018-இலும் 2023-இலும் வெளியிட்டார்கள். நான்கு தூண்கள்: உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எந்தக் கருவியில் படித்தாலும் நிலையாக நிற்க வேண்டும். படத்துக்கு மாற்றுரை வேண்டும் என்பது 1999-இலேயே அந்த வழிகாட்டியின் முதல் விதி. அதாவது, இப்போது எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே எழுதிவைத்த விதி. ஆகவே, "இதெல்லாம் புதுசு, இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கோம்" என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது.

பெயர் இருந்தாலும் போதாது. பொருள் தரும் பெயராக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் 'இங்கே சொடுக்கவும்' என்று பன்னிரண்டு இணைப்புகள் இருந்தால், காதால் கேட்பவருக்குப் பன்னிரண்டும் ஒன்றுதான். மாணவர்களே, கட்டுரையில் 'அது', 'இது' என்று எழுதிவிட்டு எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் விட்டால் நாங்கள் சிவப்பு மையில் வட்டம் போடுகிறோம் இல்லையா? அதே பிழைதான் இது.

மொழியையும் பாருங்கள். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று நிரலில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். மலாய்ப் பக்கத்தை எழுதிவிட்டு அந்தக் குறிப்பில் 'ஆங்கிலம்' என்று விட்டுவிட்டால், திரைவாசிப்பான் மலாயை ஆங்கிலமாக வாசிக்கும். 'பாக்கி' என்பது 'பேக்கி' ஆகும். கணக்கில் மீதம் எவ்வளவு என்று கேட்பவருக்கு அந்த ஒரு சொல்தான் உயிர். நம் நாட்டு வங்கிப் பக்கங்கள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கின்றன. தோட்டத்தில் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒரு பெரியவருக்கு முதல் சுவர் அந்த மொழி. இரண்டாம் சுவர் தப்பாக வாசிக்கப்படும் அந்த மொழி. எல்லாப் பக்கத்தையும் தமிழில் போடுங்கள் என்று நான் இங்கே கேட்கவில்லை. எழுதியிருக்கும் மொழியையாவது ஒழுங்காகக் காதுக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள் என்கிறேன்.

பாதுகாப்பு யாருக்கு?

வங்கிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன: "பாதுகாப்புக்காகத்தான் இவ்வளவு கெடுபிடி." இந்தப் பதிலை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. மோசடி உண்மையாகவே பெருகியிருக்கிறது. 997 என்ற எண்ணில் தேசிய மோசடி தடுப்பு மையம் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டதே அதனால்தான். அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பரில், பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சில நடவடிக்கைகளை அறிவித்தது. குறுஞ்செய்தியில் வரும் டேக் எண்ணைக் கைவிட்டு அதைவிடப் பாதுகாப்பான முறைக்கு மாற வேண்டும். ஒரு வாடிக்கையாளர் ஒரே ஒரு கைப்பேசியில்தான் பணப்பரிமாற்றத்தை உறுதிப்படுத்த வேண்டும். இரண்டும் தேவையானவைதான்.

ஆனால் விளைவைப் பாருங்கள். முன்பு குறுஞ்செய்தியில் ஆறு எண் வரும். திரைவாசிப்பான் அதைத் தடையில்லாமல் படித்துச் சொல்லும். இப்போது செயலியில் ஒரு சிறு கட்டம் எழும்புகிறது: இத்தனை ரிங்கிட், இன்னாருக்கு, சம்மதமா, மறுப்பா? பச்சையில் ஒரு பொத்தான், சிவப்பில் ஒரு பொத்தான். அந்த இரண்டுக்கும் பெயர் வைக்காமல் விட்டால் பெரியப்பாவின் காதில் என்ன விழும்? "அன்லேபல்ட், பட்டன். அன்லேபல்ட், பட்டன்." எது சம்மதம், எது மறுப்பு? மோசடிக்காரன் அனுப்பிய பரிமாற்றமாக இருந்தால்கூட, அவர் பூவா தலையா போட்டுத்தான் அழுத்த வேண்டும். அவரைக் காக்க வைத்த கதவே அவருக்குப் பொறியாகிறது.

இன்னொன்று. உள்நுழையும்போது, நீங்கள் முன்பு தேர்ந்தெடுத்த படத்தைக் காட்டி, "உங்கள் படம் இதுதானா?" என்று கேட்கும் முறை உண்டு. போலிப் பக்கமா, உண்மைப் பக்கமா என்று கண்டுபிடிக்க அது நல்ல வழி. படத்தோடு ஒரு சொற்றொடரும் இருந்தால் திரைவாசிப்பான் அதைப் படித்துவிடும். படம் மட்டும் இருந்தால், பார்வையற்றவர் 'ஆம்' என்று நம்பிக்கையில்தான் அழுத்துகிறார். பூட்டு இருக்கிறது, பூட்டியிருக்கிறதா என்று அவரால் தொட்டுப் பார்க்க முடியாது.

பிறகு நேரம். வங்கிப் பக்கம் சில நிமிடங்கள் சும்மா இருந்தால் தானே மூடிக்கொள்ளும். அதுவும் பாதுகாப்புதான். ஆனால் கண்ணால் பார்ப்பவர் ஒரே பார்வையில் தாண்டிப் போவதைக் காதால் கேட்பவர் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தாண்ட வேண்டும். பெரியப்பா மின்கட்டணக் கணக்கு எண்ணைப் பாதி எழுதியிருப்பார், பக்கம் மூடிக்கொள்ளும். மறுபடியும் முதலிலிருந்து. மூன்றாவது தடவை கைப்பேசியைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து போனார். நான் சொன்ன வழிகாட்டி நேரக்கட்டுப்பாடே கூடாது என்று சொல்லவில்லை. மூடப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், நீட்டிக்கொள்ள ஒரு எளிய வழி கொடுங்கள், அதற்குக் குறைந்தது 20 வினாடி விடுங்கள் என்கிறது. இதில் பாதுகாப்பு எங்கே குறைகிறது?

2023-இல் வந்த திருத்தப் பதிப்பு இன்னும் ஒரு படி போகிறது. உள்நுழைவதற்கு மனப்பாடத்தையும் பார்த்து எழுதுவதையும் மட்டுமே நம்பாதீர்கள், வேறு வழியும் கொடுங்கள் என்கிறது. கடவுச்சொல்லை ஒட்ட விடாமல் தடுக்கும் பக்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நினைவாற்றல் குறைந்தவர், எழுத்துகளை மாற்றிப் பார்க்கும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர், கை நடுங்குபவர் எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

காது கேளாதவரின் கதை வேறு. அவருக்குப் பக்கம் தெரியும். ஆனால் ஏதாவது சிக்கல் வந்தால் 'இந்த எண்ணை அழைக்கவும்' என்பதோடு வழி முடிந்துவிடுகிறது. அட்டையைத் தொலைத்த செவித்திறனற்றவர் யாரை, எப்படி அழைப்பார்?

இப்போது இந்தத் திறனாய்வின் மையத்துக்கு வருகிறேன். எல்லா வங்கிகளும் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: உங்கள் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள். மிகச் சரியான வாக்கியம். ஆனால் அந்த வாக்கியம் இருக்கும் அதே பக்கம், பெரியப்பாவைத் தன் கடவுச்சொல்லைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்ல வைத்தது. வேறு வழி இல்லை. கட்டணம் கட்ட வேண்டும். சொல்வது ஒன்று, செய்ய வைப்பது ஒன்று. மாணவர் கட்டுரையில் இருந்தால் 'முன்னுக்குப்பின் முரண்' என்று ஓரத்தில் எழுதுவோம். பையன் நல்லவன், ஒரு காசு எடுக்கவில்லை. ஆனால் பெரியப்பாவின் பணம் பத்திரமாக இருந்தது வங்கியின் பாதுகாப்பால் அல்ல, அந்தப் பையனின் நற்குணத்தால். அவன் வேறு மாதிரி இருந்து பணம் போயிருந்தால், கடவுச்சொல்லைப் பிறரிடம் சொன்னது உங்கள் தவறு என்றுதான் பதில் வந்திருக்கும்.

பெரியப்பா இழந்தது என்ன?

"கூட ஒருத்தர் இருந்து செஞ்சு கொடுத்தா என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பெரியப்பாவிடமே கேட்டேன். அவர் சொன்னார்: "கவுண்டர்ல அந்தப் பொண்ணு என் பாக்கியைச் சத்தமா சொல்லும். வரிசையில நிக்கிற எல்லாருக்கும் கேக்கும். வீட்டுக்கு வந்தா உங்க அண்ணன் பாத்துச் சொல்லுவான். அவனுக்கும் தெரியும், அவன் பொண்டாட்டிக்கும் தெரியும். என் பணம் எவ்வளவுன்னு எனக்கு மட்டும் தெரிஞ்ச நாளே இல்லை."

கைப்பேசியும் ஒரு காதொலிப்பானும் அந்த நாளை அவருக்குக் கொடுத்திருக்க முடியும். கண் போன பிறகு, முதல் முறையாகத் தன் கணக்கைத் தான் மட்டும் அறியும் நாள். பேரனுக்குத் தீபாவளிக்கு ஐம்பது ரிங்கிட் யாருக்கும் தெரியாமல் அனுப்பும் நாள். தொழில்நுட்பம் அதைக் கையருகே கொண்டுவந்துவிட்டது. பெயரில்லாத இரண்டு பொத்தான்கள் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டன. அதனால்தான் இதை 'வசதிக் குறைவு' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இது ஒரு பெரிய மனிதரின் தன்மானம் சம்பந்தப்பட்டது.

சட்டத்தின் வினைச்சொற்கள்

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008 (சட்டம் 685) இருக்கிறது. அதன் 30-ஆம் பிரிவு, தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பெறுவது மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்கிறது. அரசாங்கமும், தகவல் தொழில்நுட்பச் சேவை வழங்குநர்களும் அதை அவரவர் குறைபாட்டுக்கு ஏற்ற வடிவில், உரிய நேரத்தில், கூடுதல் கட்டணம் இல்லாமல் வழங்க வேண்டும் என்கிறது.

தமிழாசிரியராக இதைப் படிக்கிறேன். 'உரிமை' என்ற சொல் இருக்கிறது. 'வேண்டும்' என்ற உறுதியான வினை இருக்கிறது. நல்ல வாக்கியம். ஆனால் இரண்டு இடத்தில் தளர்ச்சி. முதலில், எழுவாய். வழங்க வேண்டியவர் 'தகவல் தொழில்நுட்பச் சேவை வழங்குநர்'. வங்கி அதில் சேருமா? "நாங்கள் பணச்சேவை நிறுவனம்" என்று ஒதுங்கிக்கொள்ள அங்கே ஓர் இடுக்கு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இரண்டாவது, வாக்கியம் முடிந்த பிறகு வர வேண்டிய வாக்கியம். வழங்காவிட்டால் என்ன? தண்டம் உண்டா? அந்தச் சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. 'வீட்டுப்பாடம் செய்ய வேண்டும்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஒருநாளும் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்க்காத ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியா 2010-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 21-ஆம் விதி, இணையம் வழியாகச் சேவை தரும் தனியார் நிறுவனங்களைப் பற்றியும் பேசுகிறது. அங்கே வரும் வினை என்ன தெரியுமா? நாடுகள் அந்த நிறுவனங்களை 'வலியுறுத்த' வேண்டும். வலியுறுத்துவது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)-ஆம் விதி சமயம், இனம், மரபு, பிறந்த இடம், பால் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் உடற்குறை இல்லை.

பேங்க் நெகாரா சும்மா இருக்கவில்லை. பயனீட்டாளர்களை நியாயமாக நடத்துவது பற்றி 2019-இல் ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. 2024-இல் அதைத் திருத்தி, எளிதில் பாதிப்புக்கு உள்ளாகும் வாடிக்கையாளர்களைத் தனியாகக் கவனிக்கச் சொன்னது. இது முன்னேற்றம்தான். ஆனால் 'கவனிப்பு' என்ற சொல்லில் எனக்கு ஒரு தயக்கம். கவனிப்பு கவுண்டரில் ஒரு நாற்காலியோடு முடிந்துவிடலாம். பெரியப்பாவுக்கு வேண்டியது நாற்காலி இல்லை, பொத்தானுக்குப் பெயர்.

கண் சிமிட்டச் சொன்ன வங்கி

வேறு நாட்டில் யாராவது இதைக் கேட்டார்களா? கேட்டார்கள். இந்தியாவில் நடந்தது இது. அமில வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்ட ஒரு பெண் 2023-இல் வங்கிக் கணக்குத் திறக்கப் போனார். கணினி வழியாக அடையாளத்தை உறுதிப்படுத்தும்போது, நீங்கள் உயிருள்ள ஆள்தான் என்று காட்டக் கண்ணைச் சிமிட்டுங்கள் என்றது அந்த முறை. அவரால் கண்ணைச் சிமிட்ட முடியாது. சிமிட்டாதவர் உயிருள்ளவர் என்று ஒப்புக்கொள்ள அந்த முறையில் வழியில்லை.

அவரும் அவரைப் போன்ற சிலரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தனியாக ஒரு மனு போட்டார்: படம் எடு, கட்டத்துக்குள் முகத்தை வை, சிறிய கட்டத்தில் வரும் எண்ணை உடனே எழுது என்றால் நான் எப்படிச் செய்வேன் என்று. இரண்டையும் சேர்த்து விசாரித்து, 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள். பிரக்ஞா பிரசூன் வழக்கு என்று அதற்குப் பெயர். மின்னியல் சேவைகளை அணுகும் உரிமை, இந்திய அரசியலமைப்பின் 21-ஆம் விதி தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. கூடவே 20 உத்தரவுகள். கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும். தளங்களைத் தகுதி பெற்றவர்களைக் கொண்டு அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும். புதிய செயலியைச் சோதிக்கும்போது பார்வையற்றவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாள்வழி முறையையும் விட்டுவைக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு மிகப் பிடித்தது அந்த மூன்றாவது செய்திதான். பார்வையற்றவரை உட்கார வைத்து, "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பது. எங்கள் வீட்டில் அந்தச் சோதனை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டதே! ஒரு கேள்வி, ஒரு சிரிப்பு, குறை தெரிந்துவிட்டது. ஐரோப்பிய நாடுகளில் 2025 ஜூன் 28 முதல் பயனீட்டாளர் வங்கிச் சேவைகள் எல்லாருக்கும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆக, இது முடியாத காரியம் இல்லை. 'வலியுறுத்தும்' நாடும் 'வேண்டும்' என்று சொல்லும் நாடும் வேறு வேறு இடத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

தீர்ப்பு வந்த மறுநாளே இந்திய வங்கிகள் எல்லாம் மாறிவிட்டன என்று நான் எழுத மாட்டேன். தீர்ப்பும் ஒரு பனுவல்தான். படித்து நடக்க ஆள் வேண்டும். ஆனால் வங்கியிடம் போய் நிற்கும் ஒருவரின் கையில் இப்போது அங்கே ஒரு தாள் இருக்கிறது. நம் பெரியப்பாக்களின் கையில் இன்னும் இல்லை.

முதலில் நம் முற்றம்

வங்கியைக் குறை சொல்லிவிட்டு நம்மைப் பார்க்காமல் போவது நியாயமில்லை. போன மாதம் என் வகுப்புக்கு ஒரு கருத்துணர்தல் பயிற்சி அனுப்பினேன். தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சந்தேகத்தில், அதைப் பெரியப்பாவின் கைப்பேசிக்கும் அனுப்பித் தொட்டுப் பார்த்தேன். "படம்" என்றது. அவ்வளவுதான். இருபது கேள்வி, இரண்டு பத்தி, எல்லாம் சேர்ந்து ஒரு சொல்: படம். பார்வை குறைந்த ஒரு மாணவர் என் வகுப்பில் இருந்திருந்தால் நானே அவருக்கு அந்த வங்கி.

நம்மில் பலர் இன்னும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளைப் பகிர்கிறோம். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் கேட்கும். ஒருங்குறியில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் தொடங்கிய முயற்சி அது, தமிழையும் படிக்கும். உங்கள் பயிற்சித்தாளை ஒருமுறை அதில் போட்டுக் கேளுங்கள். தலைப்பு தலைப்பாகக் கேட்கிறதா? அட்டவணை வரிசை மாறாமல் வருகிறதா? படத்துக்கு ஒரு வரி விளக்கம் இருக்கிறதா?

இதைச் செய்து பழகிய ஆசிரியரின் மாணவர்தான் நாளை ஒரு வங்கியில் நிரல் எழுதப் போகிறார். பொத்தானுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் அங்கே திடீரென்று வந்துவிடாது.

பெரியப்பாவின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். இன்னும் முடியவில்லை. வங்கிக்கு எழுத வேண்டிய புகார்க் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்தத் திரை, எந்தப் பொத்தான், காதில் என்ன விழுந்தது என்று வரிசையாக. கடைசியில், "அந்த அன்லேபல்ட் பயலுக்கு ஒரு பேர் வைங்கன்னு எழுது" என்றார். 'பொத்தான்களுக்கு உரிய பெயர்களை இடுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதினேன். அலுவல் கடிதத்துக்கு அதுதான் முறை. ஆனால் அவர் சொன்ன வாக்கியம்தான் நன்றாக இருந்தது. பதில் இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்தான் இந்த மாதமும் மின்கட்டணம் கட்டினான்.

வகுப்பில் பயன்படுத்த

1. கைப்பேசியில் திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஏதேனும் ஒரு பொதுச்சேவைப் பக்கத்தில் தொடர்பு எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல் கேட்கும் பக்கங்கள் வேண்டாம். கேட்டதைக் கேட்டபடி எழுதி, பிறகு அதை 80 சொற்களில் சுருக்கி எழுதட்டும்.

2. அலுவல் கடிதம்: உங்கள் வட்டாரத்தில் பார்வையற்ற ஒருவரின் சார்பில், இணையச் சேவையின் குறைகளைச் சுட்டிக்காட்டி ஒரு நிறுவனத்தின் நிர்வாகிக்குப் புகார்க் கடிதம் எழுதுக. குறை, விளைவு, வேண்டுகோள் என்ற வரிசை இருக்கட்டும். 'மிகவும் கஷ்டமாக உள்ளது' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. எது, எங்கே, எப்படி என்று எழுதினால் உண்டு.

3. வாதக் கட்டுரை: 'பாதுகாப்பும் எளிமையும் ஒன்றுக்கொன்று எதிரி.' ஒட்டியும் வெட்டியும் எழுதுக. வங்கியின் பக்கம் இருக்கும் நியாயத்துக்கு ஒரு பத்தியாவது கொடுங்கள். எதிர்வாதத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவரால்தான் அதை மறுக்க முடியும்.

4. சொல்வளம்: ஒரு பக்கத்தில் உள்ள ஐந்து படங்களுக்கு ஐந்து சொல்லுக்கு மிகாமல் மாற்றுரை எழுதச் சொல்லுங்கள். சுருக்கமும் தெளிவும் எவ்வளவு கடினம் என்று அப்போது தெரியும்.